நடுவில் ஆள் இல்லாமல்

திருவிடந்தை குப்பம்
8 ஜனவரி 2024

என் மகள் சங்கவிக்கு, நைனா தேசப்பன் சொல்லச் சொல்ல உன் அண்ணி ஸ்வாதி எழுதுவது.

இங்கே நான், உன் அண்ணன் அரசு, ஸ்வாதி மூவரும் சுகம். என் முட்டிவலி மட்டும் பனிக்கு முன்னால் எழுந்துகொண்டு என்னை எழுந்திருக்க விடுவதில்லை. கோயம்புத்தூர் குளிர் உன்னை என்ன செய்கிறது? சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அரசு என்னைச் சவுக்குத்தோப்பு மேட்டுக்குக் கூட்டிப்போய் வீடியோவில் உன்னைக் காட்டினான். குப்பத்தில் அங்கே மட்டும்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். நீ மீசை முறுக்குகிற சைகை காட்டி, நைனா என்று கையாலேயே என்னைக் கூப்பிட்டாய். பிறகு கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாய். படம் அப்படியே நின்றுவிட்டது. அது எந்தப் பேச்சின் பாதி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குக் காது இல்லை, எனக்கு எழுத்து இல்லை, நமக்கு எப்போதும் நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஸ்வாதிதான் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொல்கிறாள். அவளுக்கும் அடுப்பில் குழம்பு கொதிக்கும், பாவம்.

இங்கே ஒரு வேடிக்கை. மார்கழி பிறந்ததும் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். எந்த வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறது, எந்த வீட்டில் நெட் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஊர்த் தலைவர் எல்லப்பன் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டான்.

"சுனாமி வந்தப்ப இன்னா ஆச்சு? போட்டு கீதான்னு கேட்டான். இல்லன்னவனுக்குப் புது போட்டு. கீதுன்னு சொன்ன யோக்கியன் இன்னிக்கும் கூலிக்குப் போறான். அல்லாரும் இல்லன்னே சொல்லுங்க!"

எல்லாரும் இல்லை என்றோம். எதிர்வீட்டு அமிர்தவல்லி இல்லை என்று சொல்லும்போதே அவள் இடுப்பில் போன் பாட்டுப் பாடியது. "அது ரேடியோ சார்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

சொன்னது தேசப்பன். எழுதியது ஸ்வாதி.

(குழம்பு விஷயம் உண்மை. தப்பாக நினைக்காதே சங்கவி.)


கோயம்புத்தூர்
22 ஜனவரி 2024

அன்புள்ள நைனாவுக்கு, உங்கள் சங்கவி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். நைனா, அதைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடாதீர்கள். அண்ணன் போனுக்குச் செய்தி அனுப்பினால் அது கடலுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் கரையேறுகிறது. அதற்குத் தபாலே தேவலை.

படம் நின்றுபோனபோது சொல்ல வந்ததை எழுதுகிறேன். ஆபீசில் எங்கள் பிரிவில் பெஞ்சமின் என்று ஒருவர் இருக்கிறார், ஊரப்பாக்கத்துக்காரர். அவருக்கும் காது கேட்காது. நாங்கள் இரண்டு பேரும் கையால் பேசினால் மேசை மேல் இருக்கிற டீ கொட்டும். அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். அவர் அம்மாவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம்.

அண்ணன் என்ன சொல்வான் என்று தெரியும். எனக்கு வேண்டியது உங்கள் சொல், நைனா. உங்கள் வாயிலிருந்து வருகிற சொல்.

அண்ணி, இந்த வரியையும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மகள்
சங்கவி


திருவிடந்தை குப்பம்
18 பிப்ரவரி 2024

மகள் சங்கவிக்கு, தேசப்பன் சொல்ல ஸ்வாதி எழுதுவது.

எல்லாரும் சுகம். தைலம் வந்தது, தேய்த்துக்கொள்கிறேன், வாசனைக்கு எல்லப்பன் கூட வந்து உட்கார்ந்துகொள்கிறான். நெத்திலி நன்றாகப் படுகிறது. காற்று மாறப் பார்க்கிறது.

பெருமாள் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. எங்கெங்கிருந்தோ கல்யாணமாகாத பிள்ளைகள் வந்து மாலை போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள். கல்யாணம் ஆனவர்கள் பழைய மாலையைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்கிறார்கள். நீ சுற்றி வந்த மாலை நம் வீட்டு ஆணியில் காய்ந்து தொங்குகிறது. ஸ்வாதி தூசு என்று எடுக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.

நீ எழுதிய மற்ற விஷயத்தை அண்ணன் பார்த்துக்கொள்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேசப்பன்

(சங்கவி, மாமா இதைச் சொல்லும்போது உன் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்வாதி.)


கோயம்புத்தூர்
4 மார்ச் 2024

அன்புள்ள நைனாவுக்கு, சங்கவி எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நெத்திலி படுவது சந்தோஷம். காற்று மாறுவதும் தெரிந்துகொண்டேன்.

ஒரு சமாசாரம். நீங்கள் சொன்ன கணக்கெடுப்பு சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்துவிட்டது. அதைக் கணினியில் சரிபார்க்கிற வேலை எங்கள் பிரிவுக்குத்தான். நம் குப்பத்தைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழே வரை இல்லை, இல்லை, இல்லை. எல்லப்பன் மாமா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் இது படகு கொடுக்கிற கணக்கு இல்லை, நைனா. எங்கே இணைய மையம் வைத்தால் ஜனங்கள் வந்து பயன்படுத்துவார்கள் என்று பார்க்கிற கணக்கு. ஒரு வீட்டில்கூடப் போன் இல்லாத ஊரில் மையம் வைத்து என்ன பயன் என்று நம் பெயரை அடித்துவிட்டார்கள்.

அந்த மையத்தில் ஒரு கருவி வைக்கிறார்கள். அதன் முன்னால் நீங்கள் பேசினால் அது எழுத்தாகிவிடும். நான் எழுதியதை அதன் கீழே வைத்தால் குரலாகப் படிக்கும். நீங்கள் சொல்வதை யாரும் எழுத வேண்டாம். நான் எழுதுவதை யாரும் படிக்க வேண்டாம்.

இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

உங்கள்
சங்கவி


திருவிடந்தை குப்பம்
20 மார்ச் 2024

சங்கவிக்கு, நைனா சொல்ல ஸ்வாதி எழுதுவது. இங்கே சுகம். அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதா?

ஸ்வாதி உன் கடிதத்தைப் பார்த்துச் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேசினால் எழுதுமா? எழுதியதைப் பேசுமா? என் சின்ன வயதில் கரையில் முதல் ரேடியோ வந்தபோது என் தாத்தா அதன் பின்னால் போய் ஆள் இருக்கிறானா என்று பார்த்தார். நான் சிரித்தேன். இப்போது நானும் பின்னால் போய்ப் பார்க்கிற ஆள்தான்.

எல்லப்பனிடம் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, நாம சொன்ன இல்ல நமக்கே இல்லன்னு ஆயிப்போச்சு. திரும்ப வந்து கேக்கச் சொல்லணும்."

"இன்னா அண்ணாத்த, எழுத்தே தெரியாத ஆளு, உனுக்கு எதுக்கு நெட்டு? படம் பாக்கவா?"

"வலைன்னா எனுக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து வலைதானே போட்டுகினு கீறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது எதற்கு வேண்டும் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தால் போதும். எல்லப்பன் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "பொய் சொன்னோம்னு கேஸ் போட்டா?" என்று கேட்டான். உன் ஆபீசில் கேட்டு எழுது.

சாப்பாட்டு நேரம் தவறாதே.

தேசப்பன்


கோயம்புத்தூர்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள நைனாவுக்கு, சங்கவி. நலம், நலமறிய ஆவல்.

யாரும் கேஸ் போடமாட்டார்கள் என்று எல்லப்பன் மாமாவிடம் சொல்லுங்கள்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். பயமாக இருக்கிறது. எங்கள் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். கரையோரத்து வீடுகளில் போன் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதே சரியில்லை, இருக்கிறது என்றாலும் பொய்தான், இல்லை என்றாலும் பொய்தான் என்று எழுதினேன். அண்ணன் போன் கடலில் இருக்கும் நேரத்தில் அண்ணி வீட்டில் என்ன இருக்கிறது? இருக்கிறதா என்று கேட்காமல் வேறு மாதிரி கேளுங்கள் என்று ஒரு கேள்வியும் எழுதிக் கொடுத்தேன். பெஞ்சமின் இரண்டு முறை அடித்துத் திருத்தினார். அவர் பெயரை எழுதிவிட்டேன், பரவாயில்லை.

மேலதிகாரி படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு அதைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

சங்கவி


திருவிடந்தை குப்பம்
20 மே 2024

என் சங்கவிக்கு, நைனா சொல்ல ஸ்வாதி எழுதுவது. சுகமா? இங்கே சுகம் என்பது சின்ன வார்த்தை.

வந்தார்கள்! ரேணுகா என்று ஒரு ஆபீசர் அம்மா. காலையில் வந்தார், போட்டுகள் எல்லாம் கடலுக்குள்ளே இருக்கிற நேரம். எல்லப்பன் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் நின்று, "அல்லார் வூட்லயும் கீதும்மா, போன தபா தெரியாம சொல்ட்டோம்" என்று ஆரம்பித்தான். அந்த அம்மா கை காட்டி நிறுத்தினார்.

"சரிங்க. இந்த நேரத்துல அந்தப் போன் எங்க இருக்கு?"

அமிர்தவல்லி கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். அடுத்தவளும் காட்டினாள். வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கடலைக் காட்டினார்கள், சங்கவி. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இடுப்பில் கட்டி, நம் குப்பத்துப் போன் எல்லாம் அலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆபீசர் அம்மா திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு தாளில் குறித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது நீ எழுதிய கேள்வி இல்லையா? கோயம்புத்தூரில் ஒரு மேசையில் நீ எழுதினது, நூறு ஆள் கை மாறி, ஒரு ஆபீசர் வாயில் ஏறி, நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. பேச வராத என் பெண் இந்தக் குப்பத்தையே பேச வைத்துவிட்டாள்.

மையம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய ஏலக்கூடத்தைப் பார்த்து அளந்தார்கள். மீன் விற்றுவிட்டு வரும் பெண்களுக்காக மத்தியானத்திலும் திறந்திருக்குமாம்.

உன்னுடைய மற்ற விஷயம் என் மனசில்தான் இருக்கிறது.

தேசப்பன்

(நானும் கடலைக் காட்டினேன் சங்கவி. பி.காம். முடித்தவள். உன் அண்ணன் போனோடு கரையேறிய பிறகுதான் எனக்கு உலகம் திறக்கிறது, அதுவும் சார்ஜ் இருந்தால். ஸ்வாதி.)


கோயம்புத்தூர்
30 ஜூன் 2024

அன்புள்ள நைனாவுக்கு, சங்கவி எழுதுவது. உடம்பு சுகம்.

மையத்துக்கு உத்தரவு ஆகிவிட்டது. பட்டியலில் நம் குப்பத்தின் பெயரைப் பார்த்து மேசையிலேயே கண்ணீர் விட்டுவிட்டேன். பெஞ்சமின் டீ வாங்கி வந்து வைத்தார், இந்த முறை கொட்டவில்லை.

ஆனால் போன வாரம் அண்ணனிடமிருந்து செய்தி. "நைனாக்கு இஷ்டம் இல்ல. உட்டுடு." அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

நைனா, இது உங்கள் சொல்லா, அண்ணன் சொல்லா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதங்களை வைத்துக்கொண்டு வரிக்கு வரி தேடுகிறேன். மாலையை எடுக்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு பதிலா? காற்று மாறுகிறது என்பது ஒரு பதிலா?

பெஞ்சமின் அம்மாவுக்கு வயதாகிறது. ஆவணி முடியும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் சொல் வராவிட்டால், உங்களுக்கு இஷ்டமில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இஷ்டமில்லாததை நான் செய்யமாட்டேன்.

சங்கவி


திருவிடந்தை இணைய மையம்
5 செப்டம்பர் 2024

என் தங்கம் சங்கவிக்கு நைனா பேசுகிறேன். எழுதுவது யாரும் இல்லை.

கவியா நீ அப்பால போம்மா எனுக்கு கூச்சமா கீது. அடடா இதையும் எழுதிக்கினு போவுதே! ஐயையோ இதையுமா!

கவியா இந்த மையத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். சிரித்துவிட்டு, "ரேடியோல செய்தி படிக்கிற மாதிரி நிதானமா பேசுங்க தாத்தா, அது அழகா எழுதும்" என்று சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். இப்போது அறையில் நானும் இந்தப் பெட்டியும்தான். பின்னால் போய்ப் பார்த்துவிட்டேன். ஆள் இல்லை.

இரண்டு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று நீ அழுதிருப்பாய். இன்னொரு முறை பாதிப் பேச்சை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, கண்ணு. அரசு, "இந்த வூட்ல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். குப்பத்தில் எழுதத் தெரிந்தவன் எல்லாம் அவன் போட்டில் வருகிறவன். ஒருத்தன் காதில் சொன்னால் சாயங்காலம் குழாயடியில் இருக்கும். அதனால் இந்தக் கதவு திறக்கட்டும் என்று காத்திருந்தேன். ஏலக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள், போய்ப் பார்த்தேன். கம்பி இழுத்தார்கள், அதையும் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மயிர் மாதிரி ஒரு இழை, அதற்குள் வெளிச்சம் ஓடுமாம், அந்த வெளிச்சத்தில் பேச்சு ஓடுமாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பையன் தொடக் கொடுத்தான். சுடவில்லை, சங்கவி. சில்லென்று இருந்தது.

நான் பேசப் பேச வெள்ளைத் திரையில் கறுப்பாக முளைக்கிறது. விடியலில் கரை தெரிகிற மாதிரி முதலில் ஒன்றுமில்லை, பிறகு எல்லாம் இருக்கிறது. நான் இருமினால் அது காத்திருக்கிறது. இதில் எது என் மகள் பெயர் என்று கேட்டேன். வெளியே போவதற்கு முன்னால் கவியா விரல் வைத்துக் காட்டினாள். இத்தனை வருஷமாக உன் பெயரைக் கூப்பிட்டேன், இன்றைக்குத்தான் பார்த்தேன். வளைந்து வளைந்து அழகாக இருக்கிறாய்.

உன் கடிதங்களை எல்லாம் கவரில் சுற்றி எடுத்துவந்தேன், போனைக் கடலுக்குக் கொண்டுபோகிற அதே கவர். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே கவியா ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். ஒரு பெண் குரல் படித்தது.

"அன்புள்ள நைனாவுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்வாதி மேல் தப்பில்லை. அவள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "சங்கவி நல்லா இருக்காளாம் மாமா, உங்க முட்டிய விசாரிச்சிருக்கா" என்று விஷயத்தைச் சொல்வாள். இந்தப் பெட்டி அப்படி இல்லை. எதையும் விடாமல் படித்தது. நீ ஒவ்வொரு கடிதத்திலும் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நடுவிலும் கூப்பிட்டிருக்கிறாய். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. மறுபடி வை என்றேன். மறுபடி, மறுபடி. கவியா சலிக்காமல் வைத்தாள்.

அரசு நாளெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுகிறான். இது வேறு. உன் காதைக் கொண்டுபோன காய்ச்சலுக்கு முந்தின மாசி மகத்தில் சாமியெல்லாம் கடலுக்குக் குளிக்க வந்தன. கூட்டத்தில் நீ என் தோள் மேல் இருந்தாய். பெரிய அலை ஒன்று எழுந்தது. "நைனா, தண்ணி வர்து!" என்று என் காதில் கத்தினாய். அந்தக் குரல் இன்னும் இந்தக் காதில்தான் இருக்கிறது. பெட்டியின் குரல் உன் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல் உன்னுடையது.

இப்போது என் சொல். கட்டிக்கொள், கண்ணு. பெஞ்சமினைக் கட்டிக்கொள். நீ கேட்ட அன்றைக்கே இதுதான் என் வாயில் இருந்தது.

அரசு கெட்டவன் இல்லை. பயப்படுகிறான். "ரெண்டு பேருக்கும் காது கேக்காது, நாளைக்கு ஒரு கொழந்தை பொறந்து அழுதா யாரு கேப்பா?" என்கிறான். நான் கேட்பேன். இந்தக் கிழவனுக்கு முட்டிதான் போய்விட்டது, காது போகவில்லை. படுத்தபடியே கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்வேன். குழந்தை சிணுங்கினால் உன் காலைத் தட்டி எழுப்பமாட்டேனா? வேறு சாமி என்றும் சொல்கிறான். எந்தச் சாமி படம் ஒட்டிய போட்டு என்று பார்த்தா வலையில் மீன் விழுகிறது?

சாயங்காலம் அரசிடம் நானே பேசுவேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். ஆணியில் இருந்த மாலையைத் தூசு தட்டி எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்து கோயிலில் கொடுத்துவிட்டு, பிறகு கோவளத்து மாதா கோயிலுக்குப் போகலாம். நானும் வருகிறேன்.

ஸ்வாதி வெளியே வரிசையில் நிற்கிறாள். அவளும் என்னவோ வேலைக்கு எழுதிப் போட வேண்டுமாம். வழி விடுகிறேன்.

தானே எழுதிய
தேசப்பன்


கோயம்புத்தூர்
13 செப்டம்பர் 2024

நைனா. நைனா. நைனா.

உங்கள் கடிதத்தைப் பெஞ்சமினிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, நான் சொல்லிக்கொடுக்காமலே, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டி, இவர்தான் உன் நைனாவா என்று கேட்டார். ஆமாம், இவர்தான் என்றேன்.

நேற்று அண்ணன் செய்தி அனுப்பினான். "நைனா சொல்ட்டாரு. எப்ப வர்றீங்க ரெண்டு பேரும்?" மத்தியானம் வந்தது. கடலிலிருந்து கரையேறியதும் அனுப்பியிருக்கிறான்.

ஐப்பசியில் வருகிறோம். அண்ணியிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதிப் போட்ட வேலைக்கு என் வாழ்த்து. தைலம் தீர்ந்தால் சொல்லுங்கள்.

மேலே மூன்று முறை எழுதியிருப்பது கைத்தவறு இல்லை. பெட்டி எதையும் விடாது என்று சொன்னீர்களே. கடைசியிலும் ஒரு முறை எழுதுகிறேன். அதையும் கேட்டுவிட்டு அப்புறம் கதவைத் திறங்கள்.

நைனா.